கீழே இருந்த கை

பெருமதிப்பிற்குரிய குருவானவரும், என் மனைவியின் அண்ணனும், அந்த வகையில் எனக்கு மச்சானுமாகிய தங்களுக்கு,

எங்கள் குடும்ப வரலாற்றில் பின்னால் வருவோர் திரும்பிப் பார்க்கவேண்டிய ஒரு முடிவு, உறுப்பினர்கள் இருவரும் ஆஜராகியிருந்த கூட்டத்தில், சாப்பாட்டு மேஜையில், நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக எடுக்கப்பட்டது என்பதைத் தங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். அதாவது, உங்கள் தங்கை கோவிலுக்குள் நடக்கும்போது இனி நான்கு கால் வாக்கரைப் பிடிப்பதில்லை. என் இடது முழங்கையைப் பிடிப்பது. வலது முழங்கையும் பரிசீலிக்கப்பட்டது. நூலகத்தில் மேல் தட்டுப் புத்தகங்களை இறக்கி இறக்கி என் வலது தோள் தேய்ந்துபோயிருப்பதால் அது நிராகரிக்கப்பட்டது. வாக்கருக்கு எதிராக அவள் வைத்த வாதம் சுருக்கமானது. "அதைத் தள்ளிக்கிட்டுப் போனா கடவுளைப் பாக்கப் போற மாதிரி இல்ல, கடைக்குச் சாமான் வாங்கப் போற மாதிரி இருக்கு" என்றாள். தீர்மானம் அத்துடன் நிறைவேறியது.

சாமி என்று தொடங்கினால் மச்சான் வருத்தப்படுவார், மச்சான் என்று தொடங்கினால் சாமி வருத்தப்படுவார் என்பதால் இரண்டையும் மேலே போட்டிருக்கிறேன். இதை எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது என்பது தங்கள் விருப்பம். இங்கே நாங்கள் சுகம், உங்கள் தங்கையின் இடுப்பு எலும்பு மட்டும் நீங்கலாக. அறுவைசிகிச்சை செய்த மருத்துவர் உள்ளே வைத்த கம்பி எங்கள் இருவரையும்விட அதிக நாள் இருக்கும் என்று உத்தரவாதம் தந்திருக்கிறார். அங்கே தங்கள் சர்க்கரையும் குருமடத்து மாணவர்களும் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்புகிறேன்.

இப்போது அந்த முடிவின் விளைவுகளுக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை நினைவுபடுத்த வேண்டும். தங்களுக்குத் தெரியாததல்ல, எங்கள் திருமணத்தின்போது தாங்களே வகுத்துத் தந்தது. காலையில் அவளுடைய கத்தோலிக்கக் கோவிலில் இருவரும் திருப்பலிக்குப் போகிறோம். அது முடிந்ததும் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு என்னுடைய லுத்தரன் சபைக்கு ஆராதனைக்குப் போகிறோம். அவளுடைய கோவிலில் நற்கருணை நேரம் வந்ததும் அவள் வரிசையில் போவாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய கைப்பையைப் பார்த்துக்கொள்வேன். என்னுடைய சபையில் நற்கருணை நேரம் வந்ததும் நான் முன்னால் போய் முழங்காலிடுவேன், அவள் உட்கார்ந்து என் குடையைப் பார்த்துக்கொள்வாள். இத்தனை வருடத்தில் கைப்பையும் தொலைந்ததில்லை, குடையும் தொலைந்ததில்லை. எங்கள் போதகர் ஒவ்வொரு தடவையும் "ஞானஸ்நானம் பெற்ற எவரும் இந்தப் பந்திக்கு வரலாம்" என்று உங்கள் தங்கை இருக்கும் பக்கம் பார்த்துச் சொல்வார். அவள் குடையைப் பார்ப்பாள். அவளுடைய சபைச் சட்டம் அவளை எங்கள் பந்திக்கு விடாது, என்னைத் தன் பந்திக்குக் கூப்பிடாது. ஒரு வீட்டில் கூப்பிட்டும் போகமுடியவில்லை, இன்னொரு வீட்டில் போகத் தயாராக இருந்தும் கூப்பிடவில்லை. இரு சபைகளின் தலைவர்களும் விசுவாசத்தைப் பற்றிய பழைய சண்டை தீர்ந்தது என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு வருடங்கள் ஆகின்றன என்பதைச் செய்தித்தாளில் படித்து, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நான் வைத்திருந்தேன். உங்கள் தங்கை அதை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் மாத்திரைகளை அடுக்கியிருக்கிறாள். நான் வேலை பார்த்த நூலகமும் எதிர்த்தெருப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத காலத்திலும் புத்தகம் மட்டும் கடன் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வரும் என்ற நம்பிக்கை காரணமாக இருக்கலாம். அப்பம் திரும்பி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முழங்கைத் தீர்மானம் அமலுக்கு வந்த முதல் ஞாயிறு. நற்கருணை வரிசையில் உங்கள் தங்கையைத் தனியாக விடமுடியாது என்பதால் நான் கைப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, அவள் பிடித்திருந்த முழங்கையோடு நானும் வரிசையில் போனேன். அவள் அப்பத்தைக் கையில்தான் வாங்குவாள். நாக்கை நீட்டி வாங்குவதற்கு அவள் ஆதிமுதலே எதிரி. ரத்த வங்கியில் ஆயுசு முழுவதும் கையுறை போட்டு வேலை பார்த்தவள். ஒருவர் விரல் அடுத்தடுத்து பத்துப் பேர் நாக்கருகே போவதைப் பார்த்தாலே அவளுக்கு விசுவாசம் ஆட்டம் காணும். கையில் வாங்குவதற்கோ இரண்டு கை வேண்டும், இடது உள்ளங்கை மேலே, வலது கை அதற்குக் கீழே தாங்கலாக. அவளுடைய வலது கை என் முழங்கையில் இருந்தது. இடது கை மட்டும் தாங்கல் இல்லாமல் தனியாக நீண்டது. அப்பம் கீழே விழுந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆகவே என்னுடைய வலது கையைக் கொண்டுபோய் அவள் கைக்குக் கீழே வைத்தேன். சட்டப்படி இடது மேலே, வலது கீழே, குறையொன்றும் இல்லை; மேலே இருந்தது கத்தோலிக்கக் கை, கீழே இருந்தது லுத்தரன் கை என்பதைத் தவிர.

பங்குத்தந்தை இளைஞர். சாந்தமானவர். எந்தக் காரியத்துக்கும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடியவர், அதனால் எனக்குப் பிடித்தவர். அவர் ஒரு கணம் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அப்பத்தை மேல் கையில் வைத்தார். அவள் "ஆமென்" என்றாள். அப்பத்தை எடுத்து வாயில் போடவேண்டிய வலது கை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. இந்த இடத்தில்தான் மச்சான், நான் சிந்திக்காமல் செயல்பட்டேன். இடுப்பு முறிந்த நாளிலிருந்து காலை மாலை அவள் உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடுவது நான்தான். பழகிய கை. அது தானாகக் கீழேயிருந்து மேலே வந்தது, அப்பத்தை எடுத்தது, அவள் வாயில் போட்டது. அவளும் பழகிய வாயாகத் திறந்து வாங்கிக்கொண்டாள். அதோடு நின்றிருக்கலாம். நான் வழக்கம்போல, "தண்ணி வேணுமா?" என்று வேறு கேட்டேன்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். தலைவலியோடு போனாலும் தலைவிதியோடு போனாலும் ஒரு டானிக் பாட்டிலை எடுத்து நீட்டுவதால் எல்லாரும் அவரை டானிக் என்றே அழைக்கிறார்கள். அவர் திருப்பலி முடியும்வரை காத்திருந்து, பங்குத்தந்தையிடம் போய், "ஃபாதர், லுத்தரன்காரர் நற்கருணை குடுத்துட்டாரு" என்றாராம். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். சீர்திருத்தக் காலம் முழுவதும் எங்கள் பக்கத்து ஆட்கள் செய்யத் துணியாததை, உங்கள் பீடத்துக்கு முன்னால், உங்கள் மேற்பார்வையில், நான் செய்திருக்கிறேன்.

மறுநாள் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். உங்கள் தங்கை தேநீர் கொடுத்தாள். அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே, கண்டிப்பதற்கு வந்திருக்கிறோம் என்பதையே எப்படிக் கண்டுபிடிக்கவிடாமல் கண்டிப்பது என்று யோசித்தார். கடைசியில் உங்கள் தங்கையின் தொழிலையே பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க ரத்த வங்கியில இருந்தவங்க. குரூப் பாக்காம யாருக்காவது ரத்தம் ஏத்துவீங்களா?"

"ஏத்த மாட்டேன் ஃபாதர். ஆளு போயிடும்."

அவர் நிம்மதியாக ஒரு வாய் குடித்தார். "அதேதாம்மா. இதுவும் அப்படித்தான். பகைன்னு இல்ல. சேரணும்."

"ஆனா ஃபாதர், அடிபட்டுக் கொட்டக் கொட்டக் கொண்டுவராங்க, குரூப் பாக்க நேரமில்லைன்னா, ஓ நெகட்டிவ் பையை எடுத்து மாட்டிடுவோம். அது யாருக்கும் சேரும், யாருன்னு கேக்காது. நீங்க குடுக்கிறது எந்த குரூப்?"

பங்குத்தந்தை கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய குருமடத்தில் இந்தக் கேள்விக்குத் தயார் செய்திருக்கவில்லை என்பது தெரிந்தது. அந்தக் குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பிப்பவர் தாங்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

"அவசரத்துக்கு எங்ககிட்டயும் விதி இருக்கும்மா" என்றார்.

"என்ன அவசரம்?"

"அது வந்து... சாகக் கிடக்கணும்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பங்குத்தந்தை சங்கடத்தோடு பார்த்தார். உங்கள் தங்கை பார்த்த விதம் வேறு.

அவர் மீதி நிபந்தனைகளையும் விரல்விட்டு விளக்கினார். ஆள் மரண ஆபத்தில் இருக்கவேண்டும். தன் சொந்தச் சபைப் போதகரை அணுக முடியாத நிலையில் இருக்கவேண்டும். யாரும் தூண்டாமல் தானே கேட்கவேண்டும். இது உண்மையாகவே ஆண்டவரின் உடல் என்று விசுவசிக்கவேண்டும். கடைசியில் சொன்னதில் எனக்குச் சிக்கல் இல்லை என்று சொன்னேன். 'இது என் உடல்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் சபையின் ஆதி ஆசிரியர் மற்றச் சீர்திருத்தக்காரர்களோடு மேஜையில் சாக்குக்கட்டியால் எழுதிவைத்துச் சண்டை போட்டதையும் சொன்னேன். "அப்ப ஒண்ணு முடிஞ்சுது" என்றாள் உங்கள் தங்கை, சந்தைக்குப் போகிறவள் முதல் சாமானைக் கூடையில் போட்டதுபோல. "உங்களுக்கு பிரஷர் எவ்வளவு இருந்துச்சு போன தடவை?"

பிறகு இடைக்கால ஏற்பாடு பேசி முடிக்கப்பட்டது. நாக்கில் வாங்கலாமே என்றார். "எச்சில் ஃபாதர்" என்றாள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆகவே என் கை கீழே இருக்கலாம், மேலே வரக்கூடாது. அவள் உள்ளங்கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோகவேண்டும். வரிசையில் வந்ததற்கு நான் வெறுங்கையோடு போகவேண்டாம் என்று, எனக்கு ஆசீர்வாதம் தருவதாகவும் சொன்னார். "ஐயா ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கே வச்சுக்கிட்டு நில்லுங்க. அப்பம் இல்ல, ஆசீர்வாதம் மட்டும்னு நான் புரிஞ்சுக்குவேன்."

எல்லாருக்கும் திருப்தி. இரண்டு கை என்று அவர் சொன்னதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு. கீழே என் கை, மேலே அவள் கை, அப்பம், ஆமென், எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு என் முறை. இடது கை அவள் வசம். வலது கையை மட்டும் எடுத்து நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்தேன். வலது தோளைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதை அப்படித் திருப்பினால் முகம் தானாகக் கோணும். கண்ணை மூடிக்கொண்டேன், பக்தியால். இப்போது எனக்குப் பின்னால் நின்ற டானிக்கின் இடத்தில் தங்களை வைத்துப் பாருங்கள். வயதான மனுஷன், ஒரு கை நெஞ்சில், முகம் கோணி, கண் மூடி, ஆடுகிறான். "ஐயோ, அட்டாக்கு!" என்று கத்திக்கொண்டே அவர் பின்னாலிருந்து என்னை அணைத்து, தரையில் கிடத்தி, மேல் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நாக்குக்கு அடியில் எதையோ வைத்துவிட்டார். எந்நேரமும் அவர் சட்டைப் பையில் அது இருக்கும்போலிருக்கிறது. அன்று அந்தக் கோவிலில் என் வாயில் ஏதோ ஒன்று வைக்கப்பட்டது என்ற அளவில் திருப்தி அடைந்திருக்கலாம். "ஒண்ணுமில்ல, அவரு ஆசீர்வாதம் வாங்குறாரு, விடுங்க!" என்று உங்கள் தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவி அப்படித்தான் சொல்வாள், தாங்கமுடியாது பாவம், என்று நான்கைந்து பேர் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும், "இதுல நோயாளி யாரு?" என்று கேட்டார்கள்.

மருத்துவமனையில் கட்டிலில் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும், மதியம் ஆகும் என்றார் நர்ஸ்.

"அதுவரைக்கும் ஆபத்துன்னு வச்சுக்கலாமா?" என்று உங்கள் தங்கை கேட்டாள்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா."

"ஆபத்து இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் சொல்ல முடியாது."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, பங்குத்தந்தைக்கு போன் செய்தாள்.

நான், "எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்றேன்.

"நீங்க பேசாதீங்க. ஃபாதர் வந்ததும் நீங்களாக் கேக்கணும், நான் தூண்டக் கூடாது. என்ன கேக்கணும்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"எங்க, சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு வார்த்தையைத் திருத்தினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் என் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையை அவள் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை, திருமணப் புகைப்படத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பங்குத்தந்தை மற்றத் திருப்பலிகளை முடித்துக்கொண்டு, நற்கருணைச் சிமிழோடு ஓடி வந்தார். அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். கட்டிலின் அந்தப் பக்கத்தில், ஒரு பை ஆப்பிளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் போதகர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிடாதவன் வரவில்லையே என்று விசாரித்து, தானாகவே வந்துவிட்டார்.

"பாஸ்டர் இருக்காரே" என்றார் பங்குத்தந்தை மெல்ல.

"இருந்தா என்ன?" என்றாள் உங்கள் தங்கை. பிறகு அவளுக்கே நினைவு வந்துவிட்டது. சொந்தப் போதகரை அணுக முடியாத நிலை. போதகர் கைக்கெட்டும் தூரத்தில், ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அவருக்கு விளக்கப்பட்டது. தங்கமான மனுஷர், கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "அதனாலென்ன, நான் வெளியில போய் நிக்கிறேன்" என்றார்.

"வெளியன்னா?" என்றார் பங்குத்தந்தை.

"வராந்தாவுல."

"கூப்பிட்டா கேக்குமே பாஸ்டர்."

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"வருவீங்க பாஸ்டர். உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்."

நல்ல போதகராக இருந்ததுதான் அவர் செய்த தவறு. "நீங்க வீட்டுக்குப் போயி போனை அணைச்சிடுங்க பாஸ்டர், புண்ணியமாப் போகும்" என்றாள் உங்கள் தங்கை. அவர் ஆப்பிளை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கைகூப்பிவிட்டு, லிஃப்டில் ஏறினார். வீடு பக்கம்தானே, அது அணுக முடியாத தூரமா என்று பங்குத்தந்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே காவலாளி ஓடி வந்தார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, மெக்கானிக் வரவேண்டும், உள்ளே உங்களைப் பார்க்க வந்தவர் மாட்டிக்கொண்டார், பயப்படவேண்டாம், பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்.

பங்குத்தந்தையும் உங்கள் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் துன்பத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்கக்கூடாது. பங்குத்தந்தை சட்டைப்பையிலிருந்து தோள்துண்டை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஐயா, உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று, தூண்டாமல், கேட்டார். நான் மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்ல வாய் திறந்தேன். சிமிழின் மூடி திறந்தது.

அந்த நேரத்தில் டாக்டர் காகிதத்தோடு உள்ளே வந்து, "ரெண்டாவது டெஸ்ட்டும் நார்மல். ஹார்ட்டு கல்லு மாதிரி இருக்கு. கிளம்பலாம்" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றாள் உங்கள் தங்கை.

"எதுக்கும்மா? நல்ல செய்திதானே?"

"நல்ல செய்திதான்" என்றாள். காகிதத்தை வாங்கி, ஆயுசு முழுவதும் ரத்த அறிக்கைகளைப் படித்த கண்ணால், அடிவரை படித்தாள். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. பங்குத்தந்தை சிமிழை மூடினார். வராந்தாவில் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. வியர்த்து நனைந்த போதகர் எட்டிப் பார்த்து, "கூப்பிட்டீங்களா?" என்றார்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு உரியது. தாங்கள் சிரித்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இனிமேல் உள்ளதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். அதற்கடுத்த ஞாயிறு, வரிசைக்கு எழும்போது நான் முழங்கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. "எனக்கு வேண்டாம், உக்காருங்க" என்றாள். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. பங்குத்தந்தை நிலைமை புரிந்து, தானே அப்பத்தைப் பெஞ்சுக்கு எடுத்து வந்தார். "இவருக்கும் சேத்துன்னா குடுங்க ஃபாதர். இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் பையைப் பாத்துக்கிறோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க மாட்டேன். சிறுவயதில் முதல் நன்மையாக அப்பம் வாங்கிய நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தாலொழிய, வாங்காமல் விட்டவள் இல்லை என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும். வரிசை எங்கள் பெஞ்சைக் கடந்து போகும்போது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கள் திருமணத்தில் பீடத்துக்கு முன்னால் நின்று, இனி இவர்கள் இருவரல்ல, ஒரே உடல் என்று வாசித்தவர் தாங்கள். குரல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒரே உடலில் ஒரு பாதி வரிசையில் போவதும் மறு பாதி கைப்பையோடு உட்கார்ந்திருப்பதும் எந்தச் சட்டப்படி என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எனக்குப் பெஞ்சு பழகிவிட்டது. நான் கேட்பது சின்னக் காரியம். என் நிமித்தம் அவள் பட்டினி கிடக்கவேண்டாம் என்று தாங்கள் ஒரு கடிதம் எழுதவேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், பங்குத்தந்தையை அவள் பேரப்பிள்ளை கணக்கில் வைத்திருக்கிறாள். அண்ணன் சொன்னால் கேட்பாள். அவள் தனியாகப் போய்வருவதற்கு வசதியாக, முழங்கைத் தீர்மானத்தையும் ரத்து செய்துவிட்டேன். கூட்டம் கூட்டவில்லை, ஒரு உறுப்பினர் மட்டும் எடுத்த முடிவு. மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்த வாக்கருக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று. வீட்டில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், அவள் பார்வையில் படாதபடி நிற்கிறது. தங்கள் கடிதம் வந்ததும் வெளியே எடுக்கலாம் என்று இருக்கிறேன். நான் பழையபடி பையைப் பார்த்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். குருமடத்துச் சமையல்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னது அமலில் இருக்கிறதா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள். தங்கள் ஆசியை எங்கள் இருவருக்கும் வேண்டுகிறேன். லுத்தரன் ஆசி தங்கள் பக்கம் செல்லுபடியாகுமானால், அதையும் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். ஆகாதென்றால் வெறும் அன்பு என்று எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வலது கைக்கு இடது முழங்கையாக இருந்தவன்

பி.கு.: மேலே கேட்டுக்கொண்ட எதையும் தாங்கள் செய்யவேண்டாம். தபால்தலை ஒட்டி மேஜையில் வைத்திருந்த உறையை உங்கள் தங்கை பிரித்துப் படித்துவிட்டு, பசை போட்டு ஒட்டியும் வைத்துவிட்டாள். பசை அதிகமாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. சென்ற ஞாயிறு வரிசை நகரத் தொடங்கியதும், "எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் டானிக், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபடி. கீழே என் கை, மேலே அவள் கை. பங்குத்தந்தைக்கு நான் கொடுத்த வாக்குப்படி என் கையை ஒரு நூல்கூட மேலே உயர்த்தவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. "ஆமென்" என்றாள். பிறகு என் முழங்கையை விட்டாள். அறுவைசிகிச்சைக்குப் பின் பிடிமானம் இல்லாமல் அவள் நின்றது அதுவே முதல் தடவை. விட்ட கையால் அப்பத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்து, மாத்திரையைப் பாதியாக உடைப்பாளே, அப்படி உடைத்தாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியைக் கீழே இருந்த கையில் வைத்தாள். அந்தச் சமயத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத் தாங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம், செய்தது செய்தாகிவிட்டது. பங்குத்தந்தை நற்கருணைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டார். டானிக் மட்டும் பின்னாலிருந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வாக்கரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். இந்த வாரம் முதல் அந்தக் கோவிலில் யாருக்கும் அப்பத்தைக் கையில் கொடுப்பதில்லை, நாவில்தான் வைக்கிறார்கள்.